பினாங்கிலிருந்து சென்னை மகளிர் கல்லூரிக்கு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1965 முதல் 1969 வரை சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் படித்தேன். கடைசி ஆண்டில் விடுதித் தலைவியாக இருந்தேன். ஊர் திரும்பிய பிறகு பினாங்கில் முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியை; அதில் கடைசிச் சில வருடங்கள் தலைமையாசிரியை. கல்யாண வீட்டிலும் கோயிலிலும் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் கேட்கிற கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே எழுதிவிட்டேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. என்னோடு இருந்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அவர்கள் கதையை அடையாளத்தோடு எழுத எனக்கு மனமில்லை.

இங்கே பல்கலைக்கழகம் இல்லையா? ஏன் அவ்வளவு தூரம் போனீர்கள்?

அப்போது மலாயாவில் இருந்தது ஒரே ஒரு பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம். 1962இல்தான் அது சிங்கப்பூரிலிருந்து பிரிந்து தனியாக நின்றது. நம் பினாங்குப் பல்கலைக்கழகம் 1969இல் வந்தது, நான் படிப்பை முடித்த வருடம். கோலாலம்பூரில் இடம் வேண்டுமென்றால் ஆறாம் படிவம் படித்து, அந்தத் தேர்விலும் நன்றாக வர வேண்டும். சென்னையிலோ ஐந்தாம் படிவத்தின் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வை முடித்தவுடன் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பில் சேரலாம். ஒரு வருடம் அது, அப்புறம் மூன்று வருடம் பட்டம்.

இன்னொரு காரணம் என் பாட்டி. ஆண் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அப்பாவுக்கு என்னைப் படிக்க வைக்க ஆசை, தன் அம்மாவை எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. பெண்கள் மட்டும் படிக்கிற கல்லூரி, சுற்றுச்சுவர், வார்டன், பூட்டிய கேட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினார். என்னைப் பத்திரமாகப் பூட்டி வைக்க ஒரு இடம் தேடினார்கள். அங்கே போன பிறகு என்ன நடந்தது என்பதை அந்தப் பாட்டி எதிர்பார்த்திருக்கமாட்டார்.

பணம்?

அப்பா துறைமுகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். ஐந்து பிள்ளைகள். பேங்க் டிராப்டில் அனுப்புவார். 1966 ஜூனில் இந்திய ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை எங்கள் ஊர் நூறு வெள்ளிக்கு (டாலருக்கு) சுமார் 155 ரூபாய் கிடைத்தது, ஒரே நாளில் சுமார் 245 ஆனது. எங்கள் வீட்டுக்கு அது பெரிய மூச்சு. என் அறைத் தோழியின் அப்பா திருநெல்வேலிப் பக்கம் சின்னக் கடை வைத்திருந்தார். விலைவாசி ஏறியதில் அவர் பட்ட பாட்டை அவள் சொல்லி அழுத இரவில்தான், எனக்கு வந்த லாபம் இன்னொரு வீட்டில் வந்த நஷ்டம் என்று புரிந்தது.

ரஜூலா கப்பலிலா போனீர்கள்?

ஆமாம். பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் ஏறினேன். ரஜூலா 1926இல் கட்டிய கப்பல், என் அம்மாவைவிட மூத்தது. சிங்கப்பூர், கிள்ளான் துறைமுகம், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்று போகும். நான் போனது டெக்கில். தகரப்பெட்டி, ஒரு பாய், அம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடி. பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் குடும்பம், முப்பது வருடம் பால்மரம் வெட்டிவிட்டு ஊருக்கே திரும்பிப் போகிறவர்கள். அந்த அம்மா என்னிடம், 'நீ எதுக்கும்மா அங்க போற, நாங்க அங்கேருந்துதானே வந்தோம்?' என்று கேட்டார். படிக்க என்றேன். 'பொம்பளப் பிள்ளைக்குக் கப்பல் ஏறிப் படிப்பா' என்று சொல்லிவிட்டு, நாகப்பட்டினத்தில் இறங்கும்வரை தன் சோற்றில் எனக்கும் ஒரு பங்கு வைத்தார்.

சென்னையில் அப்போது எத்தனை மகளிர் கல்லூரிகள் இருந்தன?

பல இருந்தன. மூத்தது கடற்கரைச் சாலையில் உள்ள ராணி மேரிக் கல்லூரி, 1914இல் தொடங்கியது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. அடுத்த வருடம், 1915இல், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி. எலினார் மக்டூகல் தலைமையில் 41 மாணவிகளோடு ஆரம்பித்தது. ஸ்டெல்லா மேரிஸ் 1947, பாரிஸ்டர் எத்திராஜ் தொடங்கிய கல்லூரி 1948. மதுரையில் லேடி டோக் கல்லூரியும் அதே 1948தான்.

இந்தக் கல்லூரிகளில் முதல்வர், பேராசிரியர், நூலகர், வார்டன் என்று ஏறக்குறைய எல்லாருமே பெண்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பினாங்கில் நான் பார்த்த அலுவலகம் எதிலும் பெரிய நாற்காலியில் பெண் உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் கல்லூரியில் முதல் நாள் முதல்வரின் அறைக்குள் போனபோது, அவருக்காக ஒரு ஆண் எழுத்தர் கோப்போடு காத்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு காட்சிக்காகவே கப்பல் கட்டணம் தகும்.

மலேயாக்காரி என்று வித்தியாசமாகப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். பெயரே 'மலேயா'தான் முதல் சில வருடம். சாப்பிட்டீர்களா என்பதற்கு 'பசியாறிட்டீங்களா' என்று கேட்டால் சிரிப்பார்கள், சந்தையை 'பாசார்' என்றால் புரியாது. வெறுப்பு இல்லை, வேடிக்கைதான். ஆனால் 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த செய்தி வந்தபோது, அந்தக் கட்டடத்திலேயே அதைப் பேச எனக்கு ஒரு ஆள் இல்லை. என் அக்கா சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். இனி அவளைப் பார்க்க என்னென்ன தாள் வேண்டியிருக்குமோ என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு சீனியர் அக்கா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைப் பற்றிக் கீழே மறுபடியும் எழுதுவேன்.

விடுதியில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

ஐந்தரைக்கு மணி. தண்ணீருக்கு வரிசை. வகுப்பு, மாலை விளையாட்டு, ஆறு மணிக்கு கேட் மூடும், அப்புறம் ரோல் கால், படிப்பு நேரம், பத்துக்கு விளக்கு அணையும். சனிக்கிழமை வெளியே போக ரிஜிஸ்டரில் கையெழுத்து, உள்ளூர்க் காப்பாளர் வந்து அழைத்துப் போக வேண்டும். எனக்கு உள்ளூரில் யாருமில்லை, அதனால் பெரும்பாலான சனிக்கிழமை நூலகத்தில்தான். வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தருவார்கள். அது தப்பு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அப்பாவின் நீல ஏரோகிராம் ஒவ்வொன்றும் இன்னொருவர் கண் பட்டுத்தான் என் கைக்கு வந்தது.

தலைமைப் பொறுப்பை அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்கிறீர்கள். மேடைப் பேச்சா, தேர்தலா?

இரண்டும் இல்லை. அடுப்படியில்.

நான் சேர்ந்த வருடம் நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். எங்கள் விடுதியில் கூட்டம் போட்டோம். எல்லாரும் கை தூக்கினோம், நானும்தான். ஒரே உற்சாகம்.

மூன்றாவது வாரம் அந்தச் சீனியர் அக்கா, அப்போதைய மெஸ் செயலாளர், மறுபடியும் கூட்டம் கூட்டினார். சமையற்கட்டில் வேலை செய்த பெண்கள் இரவு மிஞ்சுகிற சோற்றையும் குழம்பையும் தூக்குவாளியில் வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். திங்கட்கிழமை சமையல் இல்லையென்றால் மிச்சமும் இல்லை. 'நாம நூத்துக்கணக்கான பேர் ஒரு வேளை விட்டோம், நமக்குக் கைதட்டல். அவங்க பிள்ளைங்க பட்டினி, அவங்க கையை யாரும் தூக்கச் சொல்லலை' என்றார். யாரும் பேசவில்லை. பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம்: திங்கட்கிழமைகளில் அந்தப் பெண்களுக்கு மட்டும் கோதுமையும் பருப்பும் மெஸ் கணக்கிலேயே எழுதிக் கொடுப்பது. அதற்காக எங்கள் மாதக் கட்டணத்தில் சில அணாக்கள் கூடின. (ரூபாயும் பைசாவும் வந்து எத்தனையோ வருடமாகியும் நாங்கள் அணா என்றுதான் பேசினோம்.)

ஒரு முடிவு எடுக்கும்போது அந்த அறையில் இல்லாதவர் யார் என்று பார்க்க அந்த அக்காதான் எனக்குக் கற்றுத் தந்தார். பிறகு எத்தனையோ தலைமைத்துவப் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடக் கூட்டத்துக்கு எதுவும் ஈடாகவில்லை.

நீங்களும் மெஸ் செயலாளராக இருந்தீர்களா?

1967இல். வேலை என்னவென்றால்: சரக்கு அறைச் சாவி, நாள் கணக்கு, பால் அளவு, விறகு எடை, மாதக் கடைசியில் ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. வாரம் ஒரு முறை விடியற்காலையில், சமையற்காரரோடும் ஒரு விரிவுரையாளரோடும் கொத்தவால் சாவடிக்குப் போவோம். அப்போது சென்னைக்கே காய்கறி அங்கிருந்துதான் போகும். சேறு, மூட்டை, கூச்சல். முதல் நாள் வியாபாரிகள் சமையற்காரரைப் பார்த்தே விலை சொன்னார்கள். பணப்பை என் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு மாதத்தில் கத்தரிக்காயைக் காம்பைப் பார்த்து வாங்கக் கற்றேன். பேரம் பேசும்போது குரலை உயர்த்தாமல் நிற்கவும் கற்றேன்.

ஒரு பெரிய தவறும் செய்தேன். ஒரு மாதம் எண்ணெய்க் கணக்கு இடித்தது. சமையற்கட்டுப் பெண் ஒருவரை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், நான்தான் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்குத் தவறாக எழுதியிருக்கிறேன். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அந்த சீனியர் அக்கா அப்போது கல்லூரியை விட்டுப் போய்விட்டார், ஆனால் அவர் இருந்தால் என்ன சொல்வார் என்று தெரியும். கேட்டது எல்லார் முன்னால், மன்னிப்பும் எல்லார் முன்னால்தான். சமையற்கட்டில் நின்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் என்னோடு பேசவுமில்லை. அதுவும் நியாயம்தான்.

அந்த நாட்களில் தமிழ்நாட்டு அரசியல் சூடாக இருந்ததே?

மிகவும். இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து நான்கைந்து மாதம்தான் ஆகியிருந்தது நான் போய்ச் சேரும்போது. என் வகுப்பிலேயே அண்ணனைச் சிறையில் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. 1967 தேர்தலில் தி.மு.க. ஜெயித்தது, அண்ணா முதலமைச்சரானார். 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. மெரினா முழுக்கப் புதுச் சிலைகள். முதல் மாநாடு 1966இல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது, தனிநாயகம் அடிகளாரின் முயற்சியில். அதை எங்கள் விடுதியில் ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தேன். 'மலேயா' என்ற பெயர் அந்த மாதத்தோடு போயிற்று.

விடுதித் தலைவியாக உங்களுக்கு மிகக் கடினமான நாள் எது?

1969 பிப்ரவரி 3. முந்தின நாள் நள்ளிரவு தாண்டி அண்ணா இறந்துவிட்டார். விடியும்போதே செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் சென்னைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். உடல் ராஜாஜி மண்டபத்தில். எங்கள் பெண்களில் பாதிப்பேர் கேட் அருகே போய் நின்றுவிட்டார்கள், திறந்துவிடுங்கள் என்று. வார்டன் முடியாது என்றார். ஒருத்தி கேட் கம்பியில் ஏறிவிட்டாள்.

நான் நடுவில். இரண்டு பக்கமும் எனக்குப் புரிந்தது, அதுதான் கஷ்டம். அந்தக் கூட்டத்துக்குள் நூறு பெண்கள் போனால் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று வார்டன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் துக்கப்படுகிற பெண்ணைப் பூட்டி வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. 'உனக்கென்ன, நீ வேற நாட்டுக்காரி' என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது இன்னும் காதில் இருக்கிறது.

வார்டனின் அறையில் ஒரு மணி நேரம் பேசினேன். மூன்று விஷயங்களுக்கு ஒப்புக்கொள்ள வைத்தேன். மண்டபத்தில் வானொலியை நாள் முழுவதும் வைக்க வேண்டும். அழுகிறவர்களை வகுப்புக்குப் போ என்று விரட்டக் கூடாது. உள்ளூரில் வீடு இருக்கிறவர்களை அப்பாவோ அண்ணனோ வந்து கேட்டால் கேள்வியில்லாமல் அனுப்ப வேண்டும். கேட் திறக்கவில்லை. வெளியே வந்து சொன்னபோது சிலர் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். மறுநாள் அடக்கம். வானொலியில் நேர்முக வர்ணனையைத் தரையில் உட்கார்ந்து கேட்டோம், வார்டனும் எங்களோடு தரையில்தான் உட்கார்ந்தார்.

தெற்கிலிருந்து வந்த ரயிலின் கூரைமேல் ஏறி வந்தவர்கள் பலர் பாலத்தில் மோதி இறந்தார்கள் என்ற செய்தி அப்புறம் வந்தது. கேட் கம்பியில் ஏறியவள் அதைப் படித்துவிட்டு என் அறைக்கு வந்து, 'இருந்தாலும் நீ எங்களுக்காக இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும்' என்றாள். அவள் சொன்னதில் உண்மை இருந்தது. ஒரு மணி நேரத்தில் நான் களைத்துப்போனேன். ஆசிரியைகள் இருவரோடு ஒரு சிறு குழு மாலையாவது கொண்டுபோய் வைத்திருக்கலாம். கேட்க எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தது எப்போது?

அதே வருடம் ஜூனில். கோலாலம்பூரில் மே 13 இனக்கலவரம் நடந்து சில வாரம்தான் ஆகியிருந்தது, நாடு அவசரகாலத்தில் இருந்தது. அப்பா துறைமுகத்தில் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, 'சீக்கிரம் நட, இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும்.' நான்கு வருடக் கேட்டிலிருந்து வெளியே வந்து இன்னொரு கேட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

பெண்களுக்குள்ளேயே படித்தவர்களுக்கு ஆண்களோடு வேலை செய்வது கஷ்டமாக இருக்காதா?

எல்லா அம்மாக்களும் கேட்கிற கேள்வி. என் அனுபவம் நேர்மாறு. கல்லூரியில் நாற்காலி தூக்கியதும் பெண்தான், மைக் சரிசெய்ததும் பெண்தான், கணக்கில் தப்பு கண்டுபிடித்ததும் பெண்தான். அதனால் இது யாருடைய வேலை என்ற தயக்கம் எனக்கு வரவே இல்லை. பிறகு ஒரு பள்ளியில், ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் குறிப்பெடுக்கும் வேலையையும் தேநீர் ஊற்றும் வேலையையும் என்னிடம் தள்ளினார்கள். மூன்றாவது கூட்டத்தில், முறை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் எழுதி மேசைமேல் வைத்தேன். பெயர் வரிசைப்படி தலைமையாசிரியர் பெயர்தான் முதலில் வந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பேனாவை எடுத்தார்.

ஒன்றை மறக்கக்கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்தான் அரசு வேலையில் பெண்களுக்குச் சமச் சம்பளம் வரத் தொடங்கியது, 1969இலிருந்து படிப்படியாக. அதற்கு முன் ஒரே வகுப்பில் ஒரே பாடம் நடத்தினாலும் ஆசிரியைக்குக் குறைவு. ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி இதற்காகப் போராடினார். என் முதல் சம்பளக் கவரில் அவரைப் போன்றவர்களின் உழைப்பும் இருந்தது.

இப்போதும் மகளிர் கல்லூரி தேவையா?

எல்லாருக்கும் தேவை என்று சொல்லமாட்டேன். இப்போது நம் பல்கலைக்கழகங்களில் பெண்கள்தான் அதிகம். என் பேத்தி ஆண்களும் பெண்களும் படிக்கிற இடத்தில்தான் படிக்கிறாள், நன்றாகவே இருக்கிறாள். ஆனால் அவளிடம் ஒன்று கேட்டேன்: உங்கள் இந்திய மாணவர் சங்கத்தில் தலைவர் யார், செயலாளர் யார்? தலைவர் பையன், செயலாளர் பெண். போன வருடம்? அதேதான்.

2003இல் ராணி மேரிக் கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவு செய்தபோது, மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. பினாங்கில் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். எங்கள் காலத்தில் கேட்டுக்கு உள்ளே நின்று வெளியே விடச் சொன்னோம். இந்தப் பிள்ளைகள் உள்ளேயே இருப்போம் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த சீனியர் அக்கா என்ன ஆனார்?

மதுரைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் கடைசிவரை ஆசிரியையாக இருந்தார். பெரிய பதவி எதற்கும் போகவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குக் கடிதம் வரும், முதல் வரி எப்போதும் 'மலேயா, பசியாறியாச்சா?'

எங்கள் பாட்டியும் ரஜூலாவில் போய்ப் படித்தவர். உங்களிடம் பேசலாமா?

கட்டாயம் பேச வேண்டும். படம், கடிதம், மெஸ் ரசீது, கப்பல் சீட்டு, எது இருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள். படத்தின் பின்பக்கம் யார் யார் என்று பாட்டியைக் கேட்டு இப்போதே பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவேன். பாட்டியையும் கூட்டி வாருங்கள். படி ஏற முடியாதென்றால் கீழேயே உட்கார்ந்து பேசலாம்.